பூச்சிமருந்து விற்க உரிமம், முகப்பூச்சு விற்க?

செஞ்சியில் பூச்சிமருந்து விற்க உரிமம் வேண்டும். விதை விற்கவும் உரம் விற்கவும் வேண்டும். சாலையோரம் வண்டி போட்டுப் பானிபூரி விற்பவர்கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். ப்ளஸ் டூ படிக்கும் பெண் காலையும் இரவும் முகத்தில் தேய்த்துக்கொள்ளும் க்ரீமை விற்க மட்டும் எந்தத் தாளும் வேண்டாம். கடையைத் திறந்து சரக்கைச் சரம்சரமாகத் தொங்கவிட்டால் போதும்.

சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ், அழகுசாதனங்களுக்கென்றே தனி விதிகள் 2020 டிசம்பரில் வந்தன. தயாரிப்பவருக்கு மாநில அரசின் உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவருக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவு வேண்டும். கடைக்காரருக்கு ஒன்றுமில்லை. எத்தனை கடைகள் இதை விற்கின்றன என்ற பட்டியலே இல்லாமல் ஒரு துறை எதைக் கண்காணிக்கும்?

ஆனால் இந்த ஓட்டையைக் காட்டி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தப்பித்துக்கொள்ள முடியாது. உரிமம் தேவையில்லாத கடைக்குள் ஆய்வாளர் நுழையக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. விற்பனைக்கு வைத்திருக்கும் எந்த அழகுசாதனத்திலும் மாதிரி எடுக்க 22-ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. சரக்கை யாரிடம் வாங்கினாய் என்று அவர் கேட்டால் பெயரும் முகவரியும் சொல்லியே ஆக வேண்டும் என்று 18-ஏ பிரிவு கடைக்காரரைக் கட்டுப்படுத்துகிறது. உடம்புக்குக் கேடு செய்யும் நச்சுப்பொருள் கலந்த அழகுசாதனத்தை விற்றால் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 50,000 ரூபாய் அபராதம். அதிகாரத்துக்குக் குறைவில்லை. அதைச் செஞ்சிக் கடைத்தெருவில் பயன்படுத்தியதன் அடையாளத்தைத்தான் காணோம்.

காந்தி பஜார் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோர். வாசலில் ஷாம்பு சாஷேக்கள், கண்ணாடி வளையல், ஹேர்பேண்டு. வெளுக்கும் க்ரீம் வேண்டுமென்று கேட்டால் அலமாரியில் இருப்பதை எடுத்துத் தர மாட்டார்கள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன டப்பா வரும். ‘கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு டப்பா போடும்மா, போதும்’ என்ற உத்தரவாதமும் கூடவே வரும். அட்டைப்பெட்டியில் பாதி கறுப்பும் பாதி வெளுப்புமாக ஒரு முகம். எழுத்து கொஞ்சம் உருது, மிச்சம் ஆங்கிலம். பேட்ச் எண் இல்லை. இறக்குமதியாளர் பெயரில்லை. பதிவுச் சான்று எண் இல்லை. சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் ரோஜாப்பூ. விலையைப் பேனாவால் எழுதியிருக்கிறார்கள்.

தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், என்னென்ன சேர்ந்திருக்கிறது, இறக்குமதிச் சரக்கானால் பதிவுச் சான்று எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் என்று லேபிளில் இருக்க வேண்டியதையெல்லாம் விதிகள் வரிசையாகச் சொல்கின்றன. இவை இல்லாத டப்பாவை விற்பதே குற்றம். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகமோ வேதியியல் பட்டமோ வேண்டாம். கடைத்தெருவில் ஒருமுறை நடந்தால் போதும். அந்த நடையைக்கூட நடக்காத துறையை வேறென்ன சொல்லிக் கண்டிப்பது?

இதில் பெரிதுபடுத்த என்ன இருக்கிறது, முகம் கொஞ்சம் எரியும், விட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் கோட்டக்கல்லை நினைத்துப் பார்க்க வேண்டும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனைக்குச் சிறுநீரில் புரதம் இறங்கி, உடம்பு வீங்கி நோயாளிகள் வந்தார்கள். 14 வயதுப் பெண்ணும் அவர்களில் உண்டு. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக வடிகட்டி நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் சஜீஷ் சிவதாஸும் ரஞ்சித் நாராயணனும் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு ‘நெல்-1’ என்ற அபூர்வமான வகை. அந்த 15 பேரில் 13 பேர், நோய் வருவதற்கு முன் வெளுக்கும் க்ரீம் பூசியதாக ஒப்புக்கொண்டார்கள். 2024-இல் ‘கிட்னி இன்டர்நேஷனல்’ மருத்துவ இதழில் இது வெளியானது.

குற்றவாளி பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக ஒரு நொதி வேலை செய்ய வேண்டும். பாதரசம் அதை முடக்கிவிடும். அதனால் முகம் வெளுப்பது உண்மைதான். நாலே வாரத்தில் பலன் தெரிவதும் உண்மைதான். தோல் வழியாக இரத்தத்துக்குள் இறங்கிய பாதரசம் சிறுநீரகத்தில் போய்த் தங்குவதும் அதே அளவுக்கு உண்மை. பூசியவரோடு நிற்பதுமில்லை: ஒரே துண்டு, ஒரே தலையணை, கன்னத்தோடு கன்னம் வைக்கும் கைக்குழந்தை என்று வீட்டுக்குள் பரவும். நம் விதிப்படி, தெரியாமல் கலந்த பாதரசம்கூடக் க்ரீமில் பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது. கண்ணுக்கிடும் பொருளில் மட்டும் 70 பங்கு. இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகளோ, பாதரசம் சேர்த்த அழகுசாதனமே 2025-க்குப் பிறகு கூடாது என்று முடிவெடுத்திருக்கின்றன.

கோட்டக்கல் செய்தி வந்த 2023-லேயே கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று பெயர் வைத்துக் கடை கடையாக இறங்கியது. ஒருமுறை இறங்கிவிட்டு ஓயவில்லை. மூன்றாம் கட்டச் சோதனையில் சில மாதிரிகளில் அனுமதித்த அளவைப்போல் 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்ததாக 2025 ஜனவரியில் அம்மாநிலச் சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் அறிவித்தார். அந்தச் சரக்கு வாளையாறு எல்லையில் நின்று திரும்பிப் போய்விடும் என்று நம் அதிகாரிகள் நம்புகிறார்களா? கேரளம் கடை கடையாகத் தேடிப் பிடிக்கும்போது சரக்கு எந்தப் பக்கம் நகரும் என்பது வியாபாரம் தெரிந்த யாருக்கும் தெரியும்.

ஒழுங்காகச் செய்தால் சோதனை எப்படி இருக்கும் என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உரிமம் பெற்ற தொழிற்சாலை, மூலப்பொருளின் ஒவ்வொரு தொகுதியையும் முடிந்த சரக்கின் ஒவ்வொரு பேட்சையும் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் தோல் க்ரீமுக்கு ஐ.எஸ். 6608, குழந்தைப் பவுடருக்கு ஐ.எஸ். 5339, குங்குமத்துக்கு ஐ.எஸ். 10999 என்று தனித்தனியே அளவுகோல் வைத்திருக்கிறது. காரத்தன்மை, கிருமி எண்ணிக்கை, ஈயம், ஆர்செனிக், பாதரசம் எல்லாம் பார்க்கப்பட வேண்டும். தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதற்கு ஐ.எஸ். 4011-இன்படி ஒட்டுச் சோதனை உண்டு. ஒருகாலத்தில் முயலின் கண்ணில் ஊற்றிப் பார்த்தார்கள். அழகுசாதனங்களுக்காக விலங்குகளைச் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்தது, நல்ல காரியம். இப்போது முழு விவரமும் சொல்லி, கையெழுத்து வாங்கி, 24 பேரின் முதுகில் சின்னப் பட்டையாக ஒட்டி, ஒருநாள் வைத்திருந்து எடுத்து, தோல் மருத்துவர் பார்த்து மதிப்பெண் போடுகிறார். பெட்டிமேல் ‘தோல் மருத்துவர் சோதித்தது’ என்று அச்சிடுகிறார்களே, அது எத்தனை பேரிடம் சோதித்தது, என்ன முடிவு வந்தது என்பதைச் சொல்வதில்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்வோம்.

மேசைக்கு அடியிலிருந்து வரும் டப்பா இதில் எந்தப் படியையும் தாண்டி வந்ததற்கு அத்தாட்சி இல்லை. அதைப் பூசும் பெண்ணிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. பூசுவது முதுகில் ஒரு பட்டையும் அல்ல. முகம் முழுக்க, மாதக்கணக்கில், யாரும் பார்க்காமல்.

உள்நாட்டுத் தயாரிப்பில் புதிதாக ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் மட்டுமே மத்திய அமைப்பின் முன் அனுமதி வேண்டும். மற்ற அழகுசாதனங்கள் ஒவ்வொன்றும் அரசு சோதித்துப் பார்த்த பிறகு கடைக்கு வருவதில்லை. ஆகவே நமக்கிருக்கும் ஒரே காவல், கடைக்கு வந்த பிறகு ஆய்வாளர் எடுக்கும் மாதிரிதான். அதற்கு மத்திய அமைப்பு வைத்திருக்கும் கணக்கைக் கேளுங்கள். 2024 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்படி ஒரு ஆய்வாளர் மாதத்துக்குக் குறைந்தது 10 மாதிரி எடுக்க வேண்டும். அதில் 9 மருந்து. மிச்சம் 1, அழகுசாதனமோ மருத்துவக் கருவியோ ஏதாவது ஒன்று. சோப்பு, ஷாம்பு, பவுடர், கண்மை, குங்குமம், டை, மருதாணி கோன், லிப்ஸ்டிக், க்ரீம் எல்லாமாகச் சேர்ந்து, குளுக்கோமீட்டரோடும் ஊசிக்குழலோடும் போட்டியிட்டு அந்த ஒற்றை இடத்தைப் பிடிக்க வேண்டும். கிராமப்புறங்களிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மிக மிகக் குறைந்த இந்த ஒன்றையாவது செஞ்சிக்கு வந்து எடுத்தீர்களா என்பதே நம் முதல் கேள்வி.

ஆள் பற்றாக்குறை என்பார்கள். புகார் வரவில்லை என்பார்கள். இரண்டையும் கேட்டுச் சலித்துவிட்டோம். இதே துறை 2025 அக்டோபரில் எங்கே நின்றது என்பதை நாடே பார்த்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிப்’ இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அங்கிருந்து தகவல் வந்ததும் நம் துறை மாதிரி எடுத்தது. மறுநாளே முடிவு சொன்னது: 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைகால். அந்தத் தொழிற்சாலையைப் போய்ப் பார்க்கவே இல்லை என்பதற்காக இரண்டு முதுநிலை ஆய்வாளர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒரே நாளில் சோதித்துச் சொல்லும் ஆய்வகம் இருந்திருக்கிறது. பிள்ளைகள் சாகும் வரை அதற்கு மாதிரி அனுப்ப ஆள் போகவில்லை. குழந்தை குடிக்கும் மருந்துக்கே இந்தக் கதி என்றால் க்ரீம் டப்பாவை யார் சீந்துவார்கள்?

புகார் எப்படி வரும்? கை கால் வீங்கி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போகிறவர், தான் பூசிய க்ரீமையும் சிறுநீரையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க மாட்டார். கோட்டக்கல்லில் மருத்துவர் துருவிக் கேட்டதால்தான் தெரிந்தது. அப்படிக் கேட்கச் சொல்லி நம் சிறுநீரகப் பிரிவுகளுக்கும் தோல் பிரிவுகளுக்கும் சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். தபால் செலவு தவிர வேறு செலவில்லை.

மாதிரி எடுத்தால் மட்டும் போதாது, எடுத்த வேகத்தில் முடிக்கவும் வேண்டும். மகாராஷ்டிரத்தில் நடந்ததைப் பாருங்கள். ஜான்சன் நிறுவனத்தின் குழந்தைப் பவுடரில் 2018 இறுதியில் மாதிரி எடுத்தார்கள். காரத்தன்மை வரம்பை மீறியிருப்பதாகச் சொல்லி, மும்பை முலுண்ட் ஆலையின் உரிமத்தை ரத்து செய்தது 2022 செப்டம்பரில். பவுடர் பூசிய குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும். 2023 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த நடவடிக்கையையே ரத்து செய்துவிட்டது. புதிதாக எடுத்த மாதிரிகள் தேறிவிட்டன, அரசின் தாமதமும் கண்டனத்துக்குள்ளானது. அந்த நிறுவனத்துக்காகவோ எதிராகவோ நாம் வாதாட வரவில்லை. நாலு வருடம் ஊறப்போட்ட சோதனை முடிவு யாருக்கும் பாதுகாப்பாகாது.

க்ரீம் பூசாதவர்களும் இந்தப் பேச்சிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. அமாவாசை இரவுதோறும் மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகும் கூட்டம் செஞ்சி வழியாகத்தான் போகிறது. கோயில் வீதியில் குங்குமம் கோபுரம் கோபுரமாகக் குவிந்திருக்கும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் செய்த குங்குமம் இந்த விலைக்கு இவ்வளவு ரத்தச் சிவப்பாக வராது என்பது வீட்டில் இடித்துப் பழகிய எந்தப் பாட்டிக்கும் தெரியும். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயம் இருக்கிறதென்று புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் தடை போட்டன. சரியான முடிவு. மிட்டாய்க்காரரின் தள்ளுவண்டியை மறித்துச் சோதித்த அரசு, நெற்றியிலும் வகிட்டிலும் நாள்தோறும் வைக்கும் பொடியில் என்ன சாயம் என்று பார்த்ததா? வடக்கே வகிட்டில் வைக்கும் சிந்தூரத்தை அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் வாங்கிய மாதிரிகளில் 43 சதவீதத்தில், அமெரிக்கா அனுமதிக்கும் அளவைத் தாண்டி ஈயம் இருந்தது. சிந்தூரம் வேறு, நம் குங்குமம் வேறு என்று சொல்லலாம். சொல்ல வேண்டியது ஆய்வக முடிவு.

மாசியில் மயானக் கொள்ளைக்குக் காளி வேடம் கட்டுகிறவர்கள் முகத்தில் அப்பும் வண்ணப்பொடிக்கும் இதே கேள்விதான். இந்த மண்ணின் கூத்துக் கலைஞர்களுக்கும் இதே கேள்விதான். மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலிலிருந்து சுற்றுவட்டார ஊர்கள் வரை பாரதக் கூத்து நடக்கும் நாட்களில், பொழுது சாய்ந்து போட்ட வேடம் விடிந்துதான் கலையும். தேங்காய் எண்ணெயில் குழைத்த பொடியோடு விடிய விடிய வியர்த்து ஆடுகிறார்கள். இப்போது அந்தப் பொடி பெயரில்லாத பொட்டலத்தில் வருகிறது. கலைமாமணி விருதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பொட்டலத்தில் ஒரு பிடி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

தலைமுடி டை விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவு. தோலில் ஒவ்வாமை வரலாம், முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் போடக் கூடாது, போட்டால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் உள்ளும் புறமும் அச்சாகியிருக்க வேண்டும். காதுக்குப் பின்னால் சிறிது தடவி 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது அது. சலூனில் கிண்ணத்தில் கலக்கித் தலையில் தடவும்போது அந்த எச்சரிக்கையை யார் படித்தார்கள்? மீசைக்கு அடித்துவிட்டு அப்படியே புருவத்துக்கும் ஒரு இழுப்பு இழுப்பது நம் ஊர் வழக்கம். பியூட்டி பார்லர்களும் சலூன்களும் ஆய்வாளரின் வரைபடத்தில் இருக்கின்றனவா?

வீட்டில் சோப்பும் நலங்கு மாவும் செய்து வாட்ஸ்அப்பில் விற்கும் பெண்கள்மீது பாய்ந்து கணக்குக் காட்டிவிடலாம் என்று துறை நினைத்தால் அதையும் முன்கூட்டியே கண்டிக்கிறோம். அவர்களுக்கும் உரிமம் வேண்டும் என்பது விதி; ‘இயற்கை’ என்று எழுதிவிட்டால் கிருமி வளராமல் போய்விடாது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது வழக்கல்ல. மகளிர் திட்டம் மூலமாகக் குறைந்த கட்டணத்தில் சோதனை வசதி செய்து கொடுத்து உரிமத்துக்கு வழிகாட்டுங்கள். வழக்கை, பாதரச டப்பாவை மூட்டை மூட்டையாக இறக்கும் மொத்த வியாபாரிமேல் போடுங்கள். 18-ஏ பிரிவைப் பிடித்துக்கொண்டு கடையிலிருந்து பின்னோக்கி நடந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம்.

வாசகர்களுக்கும் ஒரு செய்தி. சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து வாங்கிய அழகுசாதனத்தை எவரும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். சாதாரண மனிதருக்கும் நுகர்வோர் சங்கத்துக்கும் சட்டம் தந்த உரிமை இது. இப்படியொரு உரிமை இருப்பதைச் சொல்லும் பலகை தாலுகா அலுவலகத்திலோ அரசு மருத்துவமனையிலோ நம் கண்ணில் பட்டதில்லை. செஞ்சியிலிருந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏற வேண்டுமென்றால் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான். தாலுகா தலைநகரில் பெற்றுக்கொண்டு அனுப்பி வைக்க ஒரு ஆள், ஒரு நாள், ஒரு மேசை போதும்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. மராத்திய ராணுவக் கோட்டைகள் 12-இல் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான் என்று பெருமைப்பட்டோம். உலகம் வந்து பார்க்கப்போகும் ஊருக்கு எத்தனையோ அதிகாரிகள் வருகிறார்கள். மருந்து ஆய்வாளரும் கோட்டையின் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே கடைத்தெருப் பக்கம் திரும்பலாம்.

விழுப்புரம் மாவட்டத்துக்குப் பொறுப்பான மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நாம் வைக்கும் கோரிக்கை சுற்றிவளைத்ததல்ல. வருகிற அமாவாசைக் கூட்டத்துக்கு முன் செஞ்சிக் கடைத்தெருவிலும் மேல்மலையனூர் கோயில் வீதியிலும் க்ரீம், குங்குமம், கண்மை, மருதாணி கோன், டை ஆகியவற்றில் மாதிரி எடுங்கள். லேபிள் இல்லாத சரக்கை அன்றே கைப்பற்றுங்கள். அதற்கு ஆய்வக முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மாநில அரசு, அழகுசாதனம் விற்கும் கடைகளையும் பார்லர்களையும் கட்டணமில்லாமல் பதிவு செய்யத் தொடங்கட்டும். சில்லறை விற்பனைக்கும் பொறுப்பு வைக்கும்படி விதியைத் திருத்த மத்திய அரசை வற்புறுத்தட்டும். கடந்த 3 ஆண்டுகளில் இந்தத் தாலுகாவில் எடுத்த அழகுசாதன மாதிரிகள் எத்தனை, எந்தத் தேதியில் எடுத்தது, எந்தப் பொருள், என்ன முடிவு, யார்மேல் வழக்கு என்பதைத் தமிழில் எழுதி, செஞ்சி பேரூராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒன்றுமே எடுக்கவில்லையென்றால் சுழியம் என்று எழுதி, கையெழுத்தும் பதவி முத்திரையும் போட்டு ஒட்டுங்கள்.